யக்கபிட்டியவில் ஏறி மீரிகமவில் இறங்கக் காசு கொடுக்கலாமா? திருகோணமலை வாகனக்காரருக்கு ஒரு மதிப்பீடு

கட்டணம் வாங்கும் அதிவேக நெடுஞ்சாலையை ஒரு கடையைப் போலவே பார்க்க வேண்டும். கடையில் விற்கும் சரக்கு ஒன்றுதான்: நிற்காமல் போவது. சந்தியில் நிற்க வேண்டாம், பஸ்ஸுக்குப் பின்னால் ஊர வேண்டாம், குறுக்கே மாடு வராது, ஆட்டோ திரும்பாது. இதற்குத்தான் காசு. எந்த இடத்தில் நிற்க வைக்கிறார்களோ அந்த இடத்தில் சரக்கின் தரம் குறைகிறது. இந்த ஓர் அளவுகோலை வைத்து இலங்கையின் அதிவேக வீதிகளைத் திருகோணமலையிலிருந்து போகிறவர் கண்ணால் பார்த்தால், தெற்கில் இருப்பவர் கொடுக்கும் மதிப்பெண்ணை இங்கே கொடுக்க முடியாது.

தெற்கில் சரக்கு நல்ல சரக்கு. 2011 நவம்பரில் கொட்டாவையிலிருந்து காலி பின்னதுவ வரை திறந்தார்கள். 2014இல் மாத்தறை கொடகம வரை நீண்டது. 2020 பெப்ரவரியில் மத்தளை, அம்பாந்தோட்டை வரை போய்ச் சேர்ந்தது. மொத்தம் சுமார் 222 கிலோமீற்றர். கொழும்பு–கட்டுநாயக்க வீதி 25.8 கிலோமீற்றர், 2013 ஒக்டோபரில் வந்தது. இரண்டையும் கோர்க்கும் வெளிச்சுற்று வட்ட வீதி கொட்டாவை, கடுவெல, கடவத்தை என்று துண்டு துண்டாகத் திறந்து, 2019 நவம்பரில் கெரவலப்பிட்டியில் முடிந்தது. இன்று மத்தளையில் ஏறுகிற வாகனம் கட்டுநாயக்க வரைக்கும் ஒரு சந்தி விளக்கைக்கூடப் பார்க்காது.

எங்கள் பக்கத்துக்குக் கிடைத்தது மத்திய அதிவேக வீதியின் இரண்டாம் கட்டம் மட்டும். மீரிகமவிலிருந்து குருநாகலுக்கு வடக்கே யக்கபிட்டிய வரை சுமார் 40 கிலோமீற்றர், 2022 ஜனவரியில் திறந்தது. நடுத்துண்டு வந்துவிட்டது, தலைத்துண்டான கடவத்தை–மீரிகம 37 கிலோமீற்றர் வரவில்லை, குருநாகல்–தம்புள்ளை 60 கிலோமீற்றரும் வரவில்லை. ஆக, திருகோணமலை வாகனம் ஏ6 வீதியில் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை என்று 150 கிலோமீற்றருக்கு மேல் ஓடி யக்கபிட்டியவில் ஏறுகிறது. மீரிகமவில் இறங்கி, பஸ்யால வந்து, ஏ1 கண்டி வீதியில் நிட்டம்புவ, யக்கல, மிரிஸ்வத்தை என்று நெரிசலைத் தாண்டி, கடவத்தையில் மறுபடி ஏறுகிறது. ஏறி, இறங்கி, ஏறி.

ஏறிய நேரத்தில் கிடைக்கும் இலாபம் உண்மையானது, அதை மறுக்க வேண்டாம். பழைய வழியில் குருநாகல் நகரம், பொல்கஹவெல, அலவ்வ, வரக்காப்பொல என்று ஒவ்வொரு கடைத்தெருவும் வேகத்தைப் பிடித்து நிறுத்தும். பகலில் இந்தப் பகுதியை ஒரு மணித்தியாலத்துக்குள் கடப்பது கடினம். அதிவேக வீதியில் 40 கிலோமீற்றர் என்பது மணிக்கு 100இல் 24 நிமிடம், 80இல் 30 நிமிடம். வித்தியாசம் ஆறே நிமிடம். இதைச் சாரதிகள் கவனிக்க வேண்டும், ஏனென்றால் காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. 80இல் உள்ள காற்றுத் தடை 100இல் உள்ளதில் 64 வீதம்தான். கூரையில் பெட்டி கட்டிய வானும் உயரமான கூலர் லொறியும் 100இல் ஓடினால், மிச்சம் பிடித்த ஆறு நிமிடத்துக்கு டீசலில் விலை கொடுக்கின்றன. குறைந்த வேகத்தில் ஓடுவதானால் இடது வரிசையை விட்டு வரக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை.

யாருக்குப் பெறுமதி என்று கேட்டால் பதில் ஆளுக்கு ஆள் மாறும்.

நன்றாகப் பயன் பெறுவது விமான நிலைய ஹையர் ஓடுபவர்கள். கட்டுநாயக்கவிலிருந்து நிலாவெளி, உப்புவெளி போகிற வானுக்குக் கொழும்புப் பக்கமே தேவையில்லை. மினுவாங்கொடை, திவுலப்பிட்டிய வழியாக மீரிகம வந்து ஏறினால், கண்டி வீதியின் நெரிசல் முழுவதையும் ஒதுக்கிவிட்டு யக்கபிட்டியவில் தம்புள்ளை வீதியைப் பிடிக்கலாம். விடுபட்டிருக்கும் 37 கிலோமீற்றர் இவர்களைத் தொடவே இல்லை. மே தொடக்கம் செப்டெம்பர் வரை கிழக்குக் கரைக்கு ஆள் வரும் காலத்தில், குழந்தைகளோடு பன்னிரண்டு மணித்தியாலம் பறந்து வந்த குடும்பத்துக்கு இந்த வழி பெரிய ஆறுதல். கட்டணத்தை ஹையர் காசில் சேர்த்து முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வாயிலில் வந்து கேட்டால் சண்டை வரும்.

மிகக் குறைவாகப் பயன் பெறுவது கொட்பேயிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் பேலியகொடைக்கு மீன் ஏற்றும் லொறிகள். வெளியே இருந்து பார்த்தால் எதிராகத் தோன்றும், மீன்தானே அவசரச் சரக்கு என்று. மீன் லொறி மாலையில் ஐஸ் போட்டுப் புறப்பட்டு, விடியும் முன் சந்தைக்குள் நிற்க வேண்டும். அது குருநாகலைக் கடப்பது நள்ளிரவை ஒட்டி. அந்த நேரத்தில் அலவ்வவிலும் நிட்டம்புவவிலும் கடை பூட்டி, வீதி வெறுமையாகக் கிடக்கும். பகலில் ஒரு மணித்தியாலம் எடுக்கும் தூரம் இரவில் பாதியாகக் குறைகிறது. அதற்கு மேல் கட்டணம் கட்டி மிச்சம் பிடிக்க அங்கே அதிக நேரம் இல்லை. மீனைக் காப்பாற்றுவது ஐஸ். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது நம்முடைய வெப்பத்துக்கு ஏற்ற கணக்கு. அதைக் குறைத்துவிட்டு அதிவேக வீதியில் ஓடினால் நேரத்தில் பிடித்ததைச் செவுளில் விடவேண்டி வரும். விலை பார்ப்பவர் முதலில் செவுளைத்தான் தூக்கிப் பார்ப்பார். சிவப்பு மங்கியிருந்தால் எந்த வீதியால் வந்தது என்று அவர் கேட்கப் போவதில்லை. ஆனால் புறப்படப் பிந்திய லொறிக்கு, வெளிச்சம் வந்த பிறகு குருநாகலை அடையும் லொறிக்கு, கட்டணம் கொடுப்பது நியாயம். அது விதிவிலக்கு.

பஸ் பயணிக்கு ஒரு வழி சொல்ல வேண்டும், பலருக்குத் தெரிவதில்லை. திருகோணமலையிலிருந்து காலி, மாத்தறை போக வேண்டியவர் 49ஆம் இலக்கக் கொழும்பு பஸ்ஸில் புறக்கோட்டை வரை போய், அங்கிருந்து மறுபடி மாகும்புர அதிவேக பஸ் நிலையத்துக்கு இழுபடத் தேவையில்லை. கடவத்தையில் இறங்கினால் போதும். அதிவேக வீதியின் பஸ் அங்கிருந்தே தெற்குக்குப் புறப்படுகிறது, கொழும்பு நகருக்குள் நுழையாமல் வட்ட வீதியால் போய்விடும். பொதி அதிகமென்றால் மட்டும் யோசிக்க வேண்டும், வைக்க இடம் குறைவு. 2025 தொடக்கம் அதிவேக வீதியில் பயணிகள் எல்லோரும் ஆசனப் பட்டி அணிய வேண்டும் என்பது கண்டிப்பு. பஸ்ஸிலும் தேடி எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், ஆசன இடுக்கில் சொருகிக் கிடக்கும்.

வாயிலைப் பற்றி. முறை எளிது: ஏறும் இடத்தில் டிக்கட், இறங்கும் இடத்தில் தூரத்துக்கும் வாகன வகைக்கும் ஏற்பக் காசு. எங்கே ஏறினீர்கள் என்பதற்கு அந்தத் துண்டுதான் சாட்சி. கண்ணாடிக்கு முன்னால் தட்டில் எறிந்து வைத்தால், ஜன்னல் திறக்கும் ஒரு நொடியில் காற்று தூக்கிப் போய்விடும். சூரிய மறைப்புத் தட்டியில் சொருகுவதே வழக்கமாக இருக்கட்டும். மோட்டார் சைக்கிள், ஆட்டோ, உழவு இயந்திரத்துக்கு உள்ளே அனுமதி இல்லை.

இந்தச் சேவையின் பெரிய பலவீனமும் வாயிலிலேயே இருக்கிறது. ஒருவர் ஜன்னலை இறக்கி, டிக்கட்டை நீட்டி, ஐயாயிரம் ரூபா தாளைக் கொடுத்து, மீதி வாங்கி, எண்ணிப் பார்த்துப் புறப்பட 20 விநாடி என்று வைத்தால், ஒரு வாயிலால் மணிக்கு 180 வாகனம்தான் வெளியே போகும். அதையே 10 விநாடியாக்கினால் 360. புதிய வாயில் கட்டவே தேவையில்லை, விநாடியைக் குறைத்தால் வாயில் இரட்டிப்பாகிறது. கட்டுநாயக்க வீதியில் மின்னணுக் கட்டண வரிசை முன்பே வந்தது. வங்கி அட்டை 2025இல்தான் வாயில்களுக்கு வரத் தொடங்கியது. இது பத்து வருடம் முந்தி நடந்திருக்க வேண்டிய வேலை. அட்டை வேலை செய்யாத நேரமும் உண்டு என்பதால் சில்லறைத் தாளும் கையில் இருக்கட்டும். வரிசையில் நிற்கும்போது முன்வாகனத்தோடு ஒட்ட வேண்டாம், மீதிக் காசு கேட்டு ஒருவர் இழுபட்டால் பக்கத்து வரிசைக்கு மாற இடம் வேண்டும்.

வாகனத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் திருகோணமலை வாகனம் இந்த வீதிக்குள் வரும்போது ஏற்கனவே மூன்று மணித்தியாலம் ஓடிச் சூடேறி இருக்கிறது. தெற்கில் வீட்டிலிருந்து நேரே ஏறுபவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதிவேக வீதியில் டயர் வெடிப்பதற்கு முதற் காரணம் காற்றுக் குறைவு. காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்கிறது, அந்த மடிப்பே சூடாகிறது. 50இல் அந்தச் சூடு ஆறிவிடும், 100இல் ஆறாது. காற்றைப் புறப்படும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். யக்கபிட்டியவுக்குக் கிட்ட வந்து சூட்டோடு அளந்து, கூடிக் காட்டுகிறதே என்று காற்றை இறக்குவது மிகப் பிழையான வேலை. டயரின் வயதையும் பாருங்கள்: பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பூ நன்றாக இருந்தாலும் ஆறு, ஏழு வருடம் வெயில் குடித்த இறப்பரை நம்பி 100இல் ஓடக்கூடாது. ரீபில்ட் டயரை முன்சில்லில் போட்டு இந்த வீதிக்குள் வரவே கூடாது.

மழைக்கும் ஒரு கணக்கு உண்டு. வீதியில் நீர் தேங்கி நிற்கும்போது டயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. 32 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீற்றர். 25க்கு இறங்கிய டயரில் 83. அதாவது வேக எல்லை 100 என்று பலகை சொன்னாலும், பெருமழையில் தேய்ந்த டயருக்கு உண்மையான எல்லை 80க்குக் கீழே. ஸ்டியரிங் திடீரென்று இலேசானால் பிரேக்கை மிதிக்காதீர்கள். காலை எடுத்து, நேராகப் பிடித்து, வேகம் தானாக இறங்க விடுங்கள்.

எரிபொருளைத் தம்புள்ளையிலோ அதற்கு முன்னரோ நிரப்பிவிடுவது நல்லது. தெற்கு வீதியில் வெலிப்பென்ன சேவைப் பகுதியில் எரிபொருள், சாப்பாடு, கழிப்பறை எல்லாம் இருக்கின்றன. மற்ற இடத்திலும் அப்படியே இருக்கும் என்று நினைத்து ஏறக்கூடாது. இடையில் வாகனம் நின்றால் 1969க்கு அழைக்க வேண்டும். கம்பத்தில் இருக்கும் கிலோமீற்றர் இலக்கத்தைப் பார்த்துச் சொன்னால் உதவி நேரே வரும். பயணிகளை வாகனத்துக்குள் உட்கார வைக்காமல் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிறுத்துங்கள். முக்கோண அடையாளத்தைப் பத்தடி தூரத்தில் வைப்பதில் பயனில்லை. 100இல் வருகிறவருக்கு நிறுத்த வறண்ட வீதியிலேயே 100 மீற்றர் வேண்டும், அந்தத் தூரத்துக்கு நடந்து போய் வைக்க வேண்டும்.

வீதியின் கட்டுமானத் தரத்துக்கு நல்ல மதிப்பெண்தான். பாலத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு சிறு துள்ளல் தெரியும். பாலம் பாறையைத் தொட்ட தூண்களில் நிற்கிறது, அசையாது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள மண்கரை மெல்லத் தாழ்கிறது. அந்த ஓர் அங்குல வித்தியாசம்தான் துள்ளல். கூலர் லொறியில் மேலடுக்குப் பெட்டியை நாடாவால் கட்டாமல் விட்டால், இந்தத் துள்ளலில்தான் மூடி கழலும்.

அந்த மண்கரை தாழாமல் இருக்கச் செய்வதற்கே இந்த வீதிகளில் பெருங்காசு போயிருக்கிறது. தெற்கு வீதியில் வயலுக்கும் சதுப்புக்கும் கீழே கரிநிலச் சேறு. மக்கிய தாவரம் நீரை உறிஞ்சிய பஞ்சு மாதிரி கிடக்கும் மண் அது. மேலே கரை போட்டால் நீரும் வெளியேறாது, பாரத்தையும் தாங்காது, பக்கவாட்டில் பிதுங்கும். ஆழம் குறைந்த இடத்தில் தோண்டி எடுத்துவிட்டுக் கல் நிரப்பினார்கள். சில இடத்தில் பெரும் எடையை உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் போட்டு இறுக்கினார்கள். ஆழமான இடத்தில் செங்குத்து வடிபட்டைகளை இறக்கி, மேலே காற்றுப் புகாத விரிப்பைப் போட்டு, வெற்றிடப் பம்பால் நீரை உறிஞ்சினார்கள். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். பொறுக்காமல் தார் போட்டால் இரண்டு மாரிக்குள் வீதி அலை அலையாகிவிடும். கடவத்தையிலிருந்து கெரவலப்பிட்டிக்குப் போகும்போது வீதி பெரும்பாலும் தூண்களில் மிதப்பதைப் பார்க்கலாம். கீழே வெள்ள நீர் ஓட வேண்டிய சதுப்பு, அங்கே கரை கட்டினால் நீர் ஊருக்குள் திரும்பும். தண்ணீர் விட்டுக்கொடுக்காது என்பதற்கு வெலிப்பென்ன வாயில் சாட்சி. தெற்கில் பெருவெள்ளம் வந்தால் வீதி தப்பினாலும் அந்த வாயில் நீரில் மூழ்கி மூடப்படுகிறது. மழைக்காலத்தில் தெற்கே போவதானால் எந்த வாயில் திறந்திருக்கிறது என்று கேட்டுவிட்டுப் புறப்பட வேண்டும்.

இனி அந்த 37 கிலோமீற்றர். கடவத்தை–மீரிகமவுக்குச் சீன எக்சிம் வங்கியோடு 2019இல் 98.9 கோடி டொலர் கடன் ஒப்பந்தம் ஆனது. 2020இல் வேலை தொடங்கியது. 2022இல் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது பணம் வருவதும் நின்றது, வேலையும் நின்றது. 2025 செப்டெம்பரில் மறுபடி தொடங்கினார்கள். உள்ளூர் ஒப்பந்தக்காரர்கள் கட்டிய நடுத்துண்டு இதற்குள் மூன்றரை வருடம் ஓடிக்கொண்டிருந்தது. அரைகுறையாக நின்ற கரைக்கு இடைக்காலமும் செலவுதான். மூடாத மண்சாய்வு மழையில் அரிபடுகிறது, வெளியே நீட்டி நிற்கும் கம்பி துருப்பிடிக்கிறது, மறுபடி தொடங்கும்போது அதையெல்லாம் சோதித்து, சுரண்டி, திருத்திய பிறகுதான் மேலே போகலாம்.

ஒரு துண்டு குறைந்தால் என்னாகும் என்பதைத் திருகோணமலைக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. மட்டக்களப்பு வீதியில் பாதை (வாகனத்தை ஆற்றுக்கு அக்கரை சேர்க்கும் மிதவை) ஏறிய காலத்தை அறிந்தவர்கள் நாங்கள். கிண்ணியாப் பாலம், 396 மீற்றர், 2009 ஒக்டோபரில் திறந்தபோது கிண்ணியாவுக்கு அது விடிவு. ஆனால் மட்டக்களப்புக்குப் போகிற லொறி அதற்குப் பிறகும் அடுத்த துறையில் பாதைக்குக் காத்துத்தான் நின்றது. கங்கைத் துறையும் வெருகல் துறையும் பாலமான பிறகே அந்த வீதி வீதியானது. நிட்டம்புவவில் நகராமல் நிற்கும் வாகன வரிசை அந்தத் துறைகளில் நின்ற வரிசைக்குச் சமம்.

எனவே கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்க வேண்டும். திருகோணமலை வரை அதிவேக வீதி வேண்டும் என்று மேடையில் பேசுவது இனிமையாக இருக்கும். எங்கள் மதிப்பீடு வேறு. முதலில் கடவத்தை–மீரிகம முடிய வேண்டும். அடுத்து குருநாகல்–தம்புள்ளை. தம்புள்ளையில் கண்டி, யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு வாகனங்கள் எல்லாம் வந்து கூடுகின்றன, கட்டணம் கொடுக்க ஆள் உண்டு. ஹபரணைக்கு இப்பால் வாகனம் அவ்வளவு இல்லை. இல்லாத இடத்தில் கட்டண வாயிலைக் கட்டினால் அந்தக் காசு வாயில்காரரின் சம்பளத்துக்கே போதாது.

நம்மைப் போல் தீவாக இருந்து, நம்மைவிடப் பல மடங்கு பெரிய சுமாத்ராவில் இது நடந்திருக்கிறது. வங்கக் கடலுக்கு அப்பால், 2004இல் ஆழிப்பேரலை எழுந்த அதே கரை. தெற்கு முனையில் பகாவுஹெனி படகுத்துறையிலிருந்து வடக்கே பண்டா ஆச்சே வரை, கிளைகளோடு 2,700 கிலோமீற்றருக்கு மேற்பட்ட கட்டண வீதித் திட்டம் அது. போதிய வாகனம் ஓடாது என்பதால் தனியார் முன்வரவில்லை. 2014இல் அரசு ஹுத்தாமா கார்யா என்ற தன் நிறுவனத்திடமே ஒப்படைத்து, திறைசேரியிலிருந்து முதலைக் கொட்டியது. கட்டணத்தால் மட்டும் கட்டி முடிக்கக்கூடிய வீதி அல்ல என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் செய்ததில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வரிசை. பகாவுஹெனி படகுத்துறையில் தொடங்கி 140.9 கிலோமீற்றரை 2019 மார்ச்சிலும், அதன் தொடர்ச்சியாகக் காயு அகுங் வரை 189 கிலோமீற்றரை அதே வருட நவம்பரிலும் திறந்தார்கள். துறைமுகத்தில் இறங்கிய லொறி 330 கிலோமீற்றர் ஒரே மூச்சில் போனது. துண்டு துண்டாகத்தான் அவர்களும் கட்டினார்கள், ஆனால் அந்த ஓட்டத்தில் துண்டோடு துண்டைத் தொடுத்தார்கள்.

இன்னொன்று, யானை. பெக்கன்பாரு–டுமாய் 131 கிலோமீற்றர் வீதி 2020இல் திறந்தபோது, யானைத் தடங்கள் குறுக்கிடும் இடங்களில் வீதியைத் தூக்கி, கீழே யானை போக வழி விட்டிருந்தார்கள். ஹபரணைக்கும் கல்ஓயாச் சந்திக்கும் இடையில் இதைச் செய்யாமல் எந்த வேலியிட்ட வீதியையும் கட்டக்கூடாது. 2025 பெப்ரவரி 20ஆம் திகதி கல்ஓயாவுக்கு அருகே மீனகயா கடுகதி மோதி ஆறு யானைகள் செத்துக் கிடந்ததை நாடே பார்த்தது. ஒரு தண்டவாளமே அவ்வளவு. நான்கு வரிசையும் இருபுற வேலியுமாக வந்தால் கூட்டம் இரண்டாக வெட்டுப்பட்டு, வேலியின் முனை தேடி ஊருக்குள் இறங்கும்.

கந்தளாய்க்கு இப்பால் தண்ணீர்ப் பிரச்சினை. 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளம் உடைத்தபோது வெள்ளம் எந்தத் திசையால் போனது என்பது அங்கே வயல் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். தம்பலகாமத்து வயல்வெளிக்குக் குறுக்கே மூன்று மீற்றர் உயரத்துக்கு வீதிக் கரை போட்டால், அதுவும் ஒரு குளக்கட்டு மாதிரியே நிற்கும். மதகுகளை வாய்க்காலின் அகலத்துக்கு வைத்தால் போதாது, வெள்ளத்தின் அகலத்துக்கு வைக்க வேண்டும். ஏ6 வீதிக்கு இப்போதே தேவை இதைவிட மலிவான வேலை: ஐந்தாறு கிலோமீற்றருக்கு ஒருமுறை முந்திச் செல்ல மூன்றாவது வரிசை, அக்போபுரப் பக்கம் மாடு படுக்கும் இடங்களில் ஒளிரும் கம்பங்கள், பஸ் நிற்க ஒதுங்கல்.

அதுவரைக்கும் இந்தப் பயணத்தின் ஆபத்தான பகுதி கட்டணம் வாங்காத பகுதிதான். இரவில் ஹபரணையிலிருந்து கல்ஓயாச் சந்தி வரை 50க்கு மேல் ஓட வேண்டாம். தாழ்த்திய விளக்கு ஒழுங்காகக் காட்டுவது ஐம்பது மீற்றர் சொச்சம். 80இல் ஓடினால், கண்டு, மிதித்து, நிற்க ஏறத்தாழ 70 மீற்றர் வேண்டும். 50இல் 35 மீற்றரில் நின்றுவிடலாம். யானையின் தோல் வெளிச்சத்தைத் திருப்பித் தராது. விளக்கின் உயரத்தில் தெரிவது கால்கள் மட்டும், வீதியோரத்து மரம் மாதிரியே இருக்கும். மரம் நிற்கக்கூடாத இடத்தில் மரம் தெரிந்தால் நிறுத்துங்கள். ஹோர்ன் அடிக்காதீர்கள், உயர் விளக்கைப் போட்டுப் பாய்ச்சாதீர்கள். எஞ்சினை அணைக்காமல், பின்னால் வாகனம் இல்லை என்று பார்த்து, மெல்லப் பின்னுக்கு எடுங்கள். ஒன்று கடந்துவிட்டால் உடனே நகர வேண்டாம். பின்னால் குட்டி வரும்.